எல்லைக்கோடும் படிவமும்: பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியிலிருந்து குமரி அனந்தனின் மரபை நோக்குதல்

குமரி அனந்தன் 2025 ஏப்ரல் 9ஆம் நாள் சென்னையில் தம் 92ஆம் வயதில் காலமானார். இலக்கியச் செல்வர் என்னும் அடைமொழியாலும் நெடிய நடைப்பயணங்களாலும் அறியப்பட்டவர் அவர். தமிழ்நாடு அரசின் தகைசால் தமிழர் விருதினை 2024ஆம் ஆண்டு பெற்றார். அவர் தோற்றுவித்த காந்தி காமராசு தேசியக் காங்கிரசு 1980ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் ஆறு இடங்களை வென்றது. பின்னர் தாய்க்கட்சியோடு கலந்துவிட்டது. பின்னாளில் அவர் தொடங்கிய தொண்டர் காங்கிரசும் நிலைத்து நிற்கவில்லை. கட்சி வரலாறு எழுதுவோர்க்கு இவை ஓரிரு பத்திகளில் அடங்கும் செய்திகள். மொழியியலார்க்கும் பெயர்ப்பாளர்க்கும் அவர் விட்டுச்சென்றது வேறொன்று. பாராளுமன்றத்தில் தமிழில் வினாத் தொடுக்கும் உரிமை, தமிழில் தந்தி, தமிழில் பணவிடைப் படிவம் ஆகியவற்றோடு அவர் பெயர் பிணைந்துள்ளது. மொழியுரிமை என்பது அலுவலகத்தின் மேசைமீது கிடக்கும் படிவத்தில் தொடங்குகிறது என்னும் கொள்கையாக இதனை வரையறுக்கலாம்.

இக்கொள்கையின் பயனையும் எல்லையையும் அறிய, அவர் பிறந்த மாவட்டத்தின் மேற்கெல்லைக்கு அப்பாலுள்ள ஊர்களிலிருந்து அதனை நோக்க இக்கட்டுரை முற்படுகிறது. களியக்காவிளையைக் கடந்தால் இஞ்சிவிளை. அதனையடுத்துப் பாறசாலை, உதியன்குளங்கரை, நெய்யாற்றின்கரை. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல்நாள் இவ்வூர்கள் கேரளத்தில் நின்றன. அன்று அனந்தனுக்கு 23 வயது. 1933 மார்ச்சு 19ஆம் நாள் அவர் பிறந்தபோது பாறசாலையாரும் அகத்தீசுவரத்தாரும் ஓர் அரசின் குடிகள். இருசாரார் கையிலும் ஒரே கச்சேரியின் மலையாள முத்திரைத்தாள் இருந்தது.

அனந்தனின் வழியை மதிப்பிட அவருக்கு முன் அதே மண்ணில் மேற்கொள்ளப்பட்ட மற்றொரு வழியை அறிந்திருத்தல் வேண்டும். 1945இல் நாகர்கோவிலில் தோன்றி, அடுத்த ஆண்டு பெயர் மாற்றம் பெற்ற திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசும் சிறுகட்சியே. 1947இல் அதனோடு இணைந்த வழக்கறிஞர் அ. நேசமணியின் தலைமையில் அது 1948இல் 14 இடங்களையும், திருவிதாங்கூர்–கொச்சிச் சட்டமன்றத்தில் 1952இல் 8, 1954இல் 12 இடங்களையும் பெற்றது. ஒற்றைக் கோரிக்கைக் கட்சி என இதனைக் கூறலாம். தமிழ் வட்டங்கள் தாய்த்தமிழகத்தோடு இணைதல் வேண்டும் என்பதே அக்கோரிக்கை. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை, தேவிகுளம், பீருமேடு, சித்தூர் ஆகியவற்றோடு நெய்யாற்றின்கரையும் கோரிக்கைப் பட்டியலில் இருந்தது. 1954 ஆகஸ்டு 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நிகழ்ந்த துப்பாக்கிச் சூடு இக்கோரிக்கைக்குக் குருதி சாட்சியாயிற்று. அன்று ஆட்சியிலிருந்த பட்டம் தாணுப்பிள்ளையின் அமைச்சரவை பதவி விலகவேண்டுமென்று அவருடைய கட்சியின் பொதுச்செயலாளரான இராம் மனோகர் லோகியாவே வற்புறுத்தினார் என்பது அந்நிகழ்ச்சியின் அதிர்வைக் காட்டும்.

1955 செப்டம்பர் 30ஆம் நாள் அளிக்கப்பட்ட மாநிலச் சீரமைப்பு ஆணைய அறிக்கை தெற்கிலுள்ள நான்கு வட்டங்களையும் செங்கோட்டையையும் சென்னை மாநிலத்திற்கு அளிக்கப் பரிந்துரைத்தது. தேவிகுளம், பீருமேட்டுக் கோரிக்கையை அது ஏற்கவில்லை. நெய்யாற்றின்கரையும் கிடைக்கவில்லை. நேசமணியின் வெற்றியும் தோல்வியும் ஒரே கோட்டின் இருபுறங்கள். விளவங்கோட்டார்க்குக் கோடு வரைந்து கொடுத்த அதே கை, பாறசாலையார்க்கு அக்கோட்டின் மறுபக்கத்தைக் கொடுத்தது.

இவ்விடத்தில் ஒரு கருத்தைத் தயக்கமின்றிக் கூறலாம். எல்லையைக் குறிக்கோளாகக் கொண்ட கட்சி எல்லை வரையப்பட்டவுடன் தன் பணி முடிந்ததெனக் கொள்வது இயல்பு. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு அவ்வாறே இந்தியத் தேசியக் காங்கிரசில் கரைந்தது. நேசமணி 1962இலும் 1967இலும் நாகர்கோவிலின் பாராளுமன்ற உறுப்பினரானார். 1968 சூன் முதல்நாள் மறைந்தார். 1969இல் நடந்த இடைத்தேர்தலில் அவ்விடத்திற்குக் காமராசர் வந்தார். காமராசர் மறைந்தபின் 1977இல் நிறுவனக் காங்கிரசின் சார்பில் குமரி அனந்தன் வந்தார். தொகுதிக்கு இவ்வாறு ஒரு வாரிசு வரிசை அமைந்தது. நெய்யாற்றின்கரையில் தங்கிவிட்ட தமிழர்க்கோ அக்கட்சி போனபின் அதே குரலில் பேசும் மற்றொரு கட்சி அமையவில்லை. நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகம் 1997 வரை நேசமணி பெயரைத் தாங்கியிருந்தது. அப்பெயர் எழுதிய பேருந்து களியக்காவிளைக்கு வந்து நிற்கும். அங்கிருந்து சில கல் தொலைவிலுள்ள ஊர்கள் அவர் கேட்டுப் பெறாத ஊர்கள்.

இனி அவ்வூர்களின் மொழிநிலையைச் சற்று விரிவாக நோக்கலாம். அரசியல் வாதங்களில் இரு தரப்பாரும் மிகக் குறைவாகப் பேசியது இதனைப் பற்றியே.

முதலில் ஊர்ப்பெயர்கள். களியக்காவிளை தமிழ்நாட்டிலும் இஞ்சிவிளை கேரளத்திலும் உள்ளன. இரண்டிலும் இறுதி நிற்பது தோட்டநிலத்தைக் குறிக்கும் விளை. பனச்சமூடு என்னும் பெயரிலுள்ள மூடு மரத்தின் அடியைக் குறிப்பது; இருபுறத்தாரும் அவ்வாறே வழங்குவர். கோணம், குளங்கரை, கோடு, விளாகம் ஆகியவற்றின் நிலையும் இதுவே. ஊர்ப்பெயர் இறுதிகளைக் கொண்டு நிலப்படம் வரைபவர் இஞ்சிவிளையில் எந்தக் கோட்டையும் காணமாட்டார். பாறசாலை என்பதன் ஈறு ஆய் மன்னர்காலச் சாலைகளை நினைவூட்டுவது. விளவங்கோட்டு வட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தில் கருநந்தடக்கன் நிறுவிய சாலை கி.பி. 866ஆம் ஆண்டுச் செப்பேட்டால் அறியப்படுகிறது. அதன் தமிழ்ப்பகுதி வட்டெழுத்தில் அமைந்தது. எனினும் ஓசையொப்புமை ஒன்றையே கொண்டு பாறசாலைக்கு அத்தகைய வரலாற்றைக் கற்பிப்பது முறையன்று. எல்லைப்போராட்டக் காலத்தில் இருமொழி ஆர்வலரும் இத்தகைய சொற்பிறப்புகளில் தாராளமாக ஈடுபட்டனர்.

அடுத்து அன்றாடச் சொற்கள். நடுக்கேரளத்தில் கப்பை எனப்படும் கிழங்கு திருவனந்தபுரத்திலும் குமரி மாவட்டத்திலும் மரச்சீனி. சிறுவனைப் பயல் என்பதும், பலாவைச் சக்கை என்பதும், ஓலைக்கூடையைக் கடவம் என்பதும் இருபுறத்தார்க்கும் பொது. பனைத்தொழிற் சொற்கள் இன்னும் தெளிவானவை. சுண்ணாம்பிட்ட பனையின் இனிய நீர் அக்கானி. அதனைக் காய்ச்சி வார்ப்பது கருப்பட்டி. நெய்யாற்றின்கரை வட்டத்துப் பனையேறியும் கல்குளத்துப் பனையேறியும் தொழிற்பேச்சில் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளப் பெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. குமரி அனந்தன் பிற்காலத்தில் தமிழ்நாட்டுப் பனைத்தொழிலாளர் நலவாரியத்தின் தலைவராக விளங்கியவர். பனையைக் காக்கவேண்டுமென்று ஓயாது பேசியவர். அவர் மேடைத்தமிழ் செந்தமிழ் ஓசை நிறைந்தது. அவருடைய மண்ணின் பேச்சுக்கு அம்மேடையில் அத்தகைய இடம் அமையவில்லை. இதனைக் குறையாகக் கூறவில்லை. அவர் தலைமுறை மேடைகளின் பொதுவியல்பு அது.

சொல்வளம் பொதுவாயின் மொழி எங்கே பிரிகிறது? வினைமுற்றில் பிரிகிறது. விளவங்கோட்டார் அவன் வந்தான், அவள் வந்தாள் என்பர். நெய்யாற்றின்கரை மலையாளத்தில் இரண்டிற்கும் வந்நு ஒன்றே. திணை, பால், எண், இட விகுதிகள் மலையாளத்தில் வீழ்ந்தன, தமிழில் நிலைத்தன. ந்த என்பது ந்ந எனவும், ங்க என்பது ங்ங எனவும் ஓரினமாதல் இரண்டாவது அடையாளம். ஒருவர் வெள்ளம் கோரினான் என்கிறார். மற்றவர் வெள்ளம் கோரி என்று முடிக்கிறார். முன்னவர் தமிழர், பின்னவர் மலையாளி எனப் பாடநூல் கூறும். ஆனால் ஒரே மனிதர் காலையில் சந்தையில் ஒன்றையும் மாலையில் வீட்டில் மற்றொன்றையும் பேசும்போது பாடநூல் நமக்கு உதவுவதில்லை.

மக்கள்தொகைக் கணக்கு வினை விகுதியை எண்ணுவதில்லை, விடையை எண்ணுகிறது. தாய்மொழி எது என்று வினவும்போது, அது எதற்காக வினவப்படுகிறது என்று தகவலாளர் திருப்பி வினவுவதை எல்லைப்பகுதியில் களஆய்வு செய்தோர் அறிவர். பள்ளியில் கற்றது ஒன்று, தாயிடம் பேசுவது ஒன்று, கோயிலில் பாடுவது ஒன்று என்ற நிலையில் அவ்வினா நியாயமானதே. எல்லையைக் கணக்கின் நூற்றுவீதம் முடிவு செய்யும் காலத்தில் இருமொழியாளரின் ஒற்றை விடை அரசியல் விடையாகிவிடுகிறது. நேசமணியின் வழிக்கு இருந்த உள்ளார்ந்த இடர் இதுவே. பேசுவோரை ஏதேனும் ஒரு பக்கத்தில் நிறுத்தினாலன்றி அவ்வழியில் எல்லை வரைய இயலாது.

பிற நாடுகளில் இவ்விடரை வேறுவகையாகக் கையாண்டதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. செருமனிக்கும் டென்மார்க்குக்கும் இடையேயுள்ள சிலேசுவிக் பகுதியில் 1920இல் வாக்கெடுப்பு நடத்தி எல்லை வரைந்தனர். இருபுறத்தும் சிறுபான்மையர் தங்கினர். 1955 மார்ச்சில், அதாவது நம் சீரமைப்பு ஆணையம் அறிக்கை எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டில், பான், கோபன்கேகன் ஆகிய இரு தலைநகரங்களிலும் வெளியிடப்பட்ட அறிவிப்புகள், ஒருவர் எந்தத் தேசிய மரபினர் என்பது அவரவர் விருப்பம், அதனை அலுவலர் மறுக்கவோ சோதிக்கவோ கூடாது என்றன. எல்லை அசையவில்லை, கேள்வி மாறிற்று.

பாறசாலைப் பகுதியின் இருமொழிமையை வளர்த்ததில் கிறித்தவ சபைக்கும் பங்குண்டு. இலண்டன் மிசன் சங்கத்தின் பாறசாலை நிலையம் 1845இல் சான் ஆப்ஸ் என்பவரால் நிறுவப்பட்டது. நாகர்கோவிலும் நெய்யூரும் தமிழ் நிலையங்கள், திருவனந்தபுரம் மலையாள நிலையம், பாறசாலை நடுவில். நெய்யாற்றின்கரை வட்டத்துத் திருப்புறத்தில் 1847இல் பிறந்த மோசவத்சலம் சாத்திரியார் மலையாளக் கீர்த்தனை ஆசிரியருள் பெரும்புகழ் பெற்றவர். பிறமொழிப் பாடல்களை மலையாளத்தில் ஆக்கியவர். தமிழ்க் கீர்த்தனை மரபை அறிந்து மலையாளத்தில் பாடியவர். பெயர்ப்பு வரலாறு எழுதுவோர் இவரை இன்னும் உரிய இடத்தில் வைக்கவில்லை என்பது என் கருத்து. 1947இல் அமைந்த தென்னிந்தியத் திருச்சபையின் தென் திருவிதாங்கூர்ப் பேராயம் 1959இல் தென்கேரளம், கன்னியாகுமரி என இரண்டாயிற்று. மாநிலம் பிரிந்த மூன்றாம் ஆண்டில் சபையும் பிரிந்தது.

நாட்டுப்பாடலின் நிலை இன்னும் சிக்கலானது. இரவிக்குட்டிப்பிள்ளைப் போர் முதலிய வில்லுப்பாட்டுக் கதைகளைத் தமிழ் ஆய்வாளர் தமிழ்க் கதைப்பாடல்கள் என்பர். கேரளத்தில் அவை தெக்கன் பாட்டுகள். நெய்யாற்றின்கரை வட்டத்துக் காஞ்சிரங்குளத்தைச் சேர்ந்த கொச்சுகிருஷ்ணன் நாடார் இவற்றைத் தேடித் தொகுத்தார். கோவளத்தையடுத்த ஆவாடுதுறையைச் சேர்ந்த அய்யிப்பிள்ளை ஆசானின் இராமகதைப்பாட்டும் அவ்வாறே. மலையாள இலக்கிய வரலாற்றில் இடம்பெறும் அந்நூலைத் தமிழ் பயின்றவர் பெருமுயற்சியின்றிப் படிக்கலாம். வந்தான், சொன்னான் என்று பால் விகுதியோடு முடியும் அடிகளை மலையாளப் பதிப்பாசிரியர் பழைய வழக்கு என்பார். தமிழ்ப் பதிப்பாசிரியர் இன்றைய வழக்கு என்பார். இருவர் கூற்றும் தத்தம் நோக்கில் சரியே. தேங்காய்ப்பட்டினத்தில் 1944இல் பிறந்த தோப்பில் முகமது மீரான் மலையாள வழியில் கல்வி கற்றுத் தமிழ்ப் புதினம் படைத்து, 1997இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றார். 1956 என்னும் ஆண்டு ஒரு மாணவரின் கல்வியை எவ்வாறு வெட்டிச் சென்றது என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று.

குமரி அனந்தனிடம் திரும்புவோம். அரசியலமைப்பின் 120ஆம் பிரிவின்படி பாராளுமன்ற நடவடிக்கை இந்தியிலோ ஆங்கிலத்திலோ அமையும். இவ்விரண்டிலும் கருத்தை நன்கு வெளியிட இயலாத உறுப்பினர் தாய்மொழியில் பேச அவைத்தலைவர் இசைவளிக்கலாம். இத்தொடரில் மொழியியலார் கவனிக்கவேண்டிய சொல் இயலாமை. தமிழ் அங்கு உரிமையாக இடம்பெறவில்லை; ஒருவரின் குறைக்கு இரங்கி அளிக்கப்படும் சலுகையாக இடம்பெறுகிறது. அனந்தன் வினாவைத் தமிழில் எழுப்பப் போராடியபோது இந்த இயலாமை என்னும் அடிப்படையையே அசைத்தார். பிறமொழி தெரியாமையால் தமிழில் கேட்பது வேறு. தமிழராதலின் தமிழில் கேட்பது வேறு. அவருடைய பணிகளுள் இதனையே தலையாயதாகக் கருதுகிறேன். நடைப்பயணங்கள் அவருக்குப் புகழ் தந்தன. ஆனால் அவை அனைத்தையும் ஒரு தட்டிலும் இந்த ஒரு வினாவை மறுதட்டிலும் வைத்தால் மொழிவரலாற்றில் வினாவின் தட்டே தாழும்.

தந்தியும் பணவிடையும் இதே வழியின் தாழ்ந்த படிகள்; ஆகவே மிகுதியானோர் ஏறிய படிகள். பாராளுமன்றத்தில் வினாத் தொடுப்போர் சிலர். வெளியூரிலிருந்து தாய்க்குப் பணம் அனுப்பும் கூலித்தொழிலாளர் பலர். அனுப்புநர், பெறுநர், முகவரி, தொகை என்னும் நான்கு சொற்கள் தமிழில் அச்சிடப்பட்டிருப்பின் அவருக்கு அஞ்சலகத்தில் எழுதிக்கொடுப்பவர் தேவையில்லை. அவர் தருமம் கேட்பவராக அன்றிக் குடிமகனாக வரிசையில் நிற்கிறார். அஞ்சல்துறை நடுவண் அரசினது. கொள்கையளவில், மொழிச் சிறுபான்மையர் வாழும் எந்த மாநிலத்து அஞ்சலகத்திலும் அவர்தம் மொழிப் படிவத்தை வைக்க இயலும். எல்லைக்கோட்டை நம்பிய வழி களியக்காவிளையில் நின்றுவிட, படிவத்தை நம்பிய வழி பாறசாலைவரை செல்லக்கூடியதாக இருந்தது என்பது இவ்வொப்பீட்டின் சாரம்.

ஆயினும் இவ்வழியின் குறையையும் மறைத்தல் தகாது. படிவம் தொழில்நுட்பத்தைச் சார்ந்தது. 2013 சூலையில் தந்திச் சேவை நாடெங்கும் முடிவுற்றது. தமிழ்த் தந்தியும் அதனோடு முடிவுற்றது. போராடிப் பெற்ற உரிமை நீதிமன்றத்தாலோ சட்டமன்றத்தாலோ பறிக்கப்படவில்லை. அது குடியிருந்த வீடே இடிந்துவிட்டது. மேலும், அனந்தன் கேட்டவை நடுவண் அரசின் படிவங்கள். எல்லைப்புறத்தாரின் வாழ்க்கையைப் பெரிதும் ஆள்பவை மாநில அரசின் வருவாய், பதிவு, கல்வித் துறைகளின் ஏடுகள்.

இவ்வேடுகளின் மொழி பெயர்ப்பாளர்க்கு ஒரு தனிப் பாடம். 1956க்கு முந்திய விளவங்கோட்டு, கல்குளத்து நில ஆவணங்கள் பெரும்பாலும் மலையாளத்தில் உள்ளன. எம் குடும்ப ஆவணம் ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் தமிழாக்கிப் பெறவேண்டியிருந்தது. அதில் போக்குவரவு என்ற சொல் வந்தது. கேரள வருவாய் வழக்கில் அது நில உரிமை ஒருவர் பெயரிலிருந்து மற்றொருவர் பெயருக்கு மாறுவதைக் குறிக்கும். தமிழ்நாட்டில் பட்டா மாறுதல் என்பர். பெயர்த்தவர் அதனைப் போக்குவரத்து என்று எழுதி முத்திரையும் இட்டுவிட்டார். எங்கள் பாட்டனார் பெயரில் ஒரு தென்னந்தோப்பில் போக்குவரத்து நடந்ததாக ஆவணம் கூறிற்று. அதனைத் திருத்திப் பெற ஏழு மாதம் ஆயிற்று. இருமொழிக்கும் பொதுவான சொல்லே பெயர்ப்பாளரைக் கவிழ்க்கிறது. அறியாத சொல்லாயின் அவர் அகராதியைப் புரட்டியிருப்பார்.

இத்தகைய சொற்கள் பல. கேரளத்து விலையாதாரம் இங்கே கிரயப் பத்திரம். குடிக்கடம் இங்கே வில்லங்கம். அங்கே கரம் தீர்ப்பர். இங்கே தீர்வை கட்டுவர். தீர்வையும் தீர்த்தலும் ஒரே வேரின என்பதைப் பேசுவோர் எண்ணுவதில்லை. பகுதி என்பது திருவிதாங்கூரில் வருவாய்ச் சிற்றூர். பகுதிக் கச்சேரி என்று முதியோர் இன்றும் கூறக் கேட்கலாம். மாநிலப் பிரிவினை மக்களைப் பிரித்ததைவிட வருவாய்ச் சொற்களை விரைவாகப் பிரித்தது. நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்திற்கு வந்தவுடன் தஞ்சாவூரிலும் சேலத்திலும் வழங்கிய அலுவலகச் சொற்கள் வந்தன. பழைய சொற்கள் வீட்டுப் பெட்டியிலிருந்த ஏடுகளோடு தங்கின.

நெய்யாற்றின்கரைத் தமிழர்க்குச் சட்டத்தில் இடமில்லையோ எனின், உண்டு. அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு குறைதீர்க்கும் விண்ணப்பத்தை நாட்டில் அல்லது மாநிலத்தில் வழங்கும் எம்மொழியிலும் அளிக்க வழிசெய்கிறது. எம்மொழியில் விடை வரும் என்று அது கூறவில்லை. 1956இல் சேர்க்கப்பட்ட 350அ பிரிவு தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் பணிக்கிறது. 1949ஆம் ஆண்டுக் கல்வியமைச்சர் மாநாட்டின் அளவுகோல், பள்ளியில் 40 மாணவர் அல்லது வகுப்பில் 10 மாணவர் என்பது. 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இவற்றினும் ஒருபடி மேற்சென்றது. தமிழ், கன்னடச் சிறுபான்மையர் தலைமைச் செயலகத்தோடும் துறைத்தலைமை அலுவலகங்களோடும் தம் மொழியில் கடிதப்போக்குவரத்து நடத்தலாம். விடையும் அம்மொழியிலேயே அமையவேண்டும். உள்ளூர் அலுவலகங்களைப் பொறுத்தவரை மட்டும், மொழிச் சிறுபான்மைப் பகுதி என அரசிதழில் அறிவிக்கப்பட்டிருத்தல் வேண்டும். இதன் விளைவு வியப்பானது. அறிவிக்கப்படாத ஊரில் வாழும் தமிழர் திருவனந்தபுரத்துத் தலைமைச் செயலகத்திற்குத் தமிழில் எழுதி விடைபெறும் உரிமையுடையவர்; தம் ஊர் அலுவலகத்தில் அவ்வுரிமை அவர்க்கில்லை. இங்கும் உரிமை மனிதரோடு செல்வதும் நிலத்தோடு நிற்பதும் ஒரே பிரிவிற்குள் அருகருகே கிடக்கின்றன. நேசமணியும் அனந்தனும் ஒரே வாக்கியத்தில் அமர்ந்திருப்பதுபோல.

பள்ளியில் இரு மாநிலமும் ஒரே திசையில் சென்றன. தமிழ்நாட்டின் தமிழ் கற்றல் சட்டம் 2006. கேரளத்தின் மலையாள மொழிக் கற்றல் சட்டம் 2017. பத்தாம் வகுப்புவரை மாநில மொழி கட்டாயம் என்பது இரண்டின் நோக்கமும். முன்னதன் சுமையை விளவங்கோட்டு மலையாளக் குழந்தைகள் ஏற்றனர். பின்னதன் சுமையை எல்லைக்கு மேற்கேயுள்ள தமிழ்க் குழந்தைகள் ஏற்றனர். தமிழ் அமைப்புகள் முன்னதை வரவேற்றுப் பின்னதை மட்டும் எதிர்க்குமாயின் அதனை மொழிக்கொள்கை எனக் கூறுதல் அரிது. மாநில மொழியைக் கற்பது தீங்கன்று. ஆனால் அதற்காகத் தாய்மொழிப் பாடநேரம் குறைக்கப்படுமாயின் 350அ பிரிவின் கருத்து என்னாகும் என்பது எல்லையின் இருபுறத்தும் கேட்கத்தக்கது.

அனந்தனின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் பணிகளுள் எல்லைக்கு மேற்கேயுள்ள தமிழரின் சிக்கல் முன்னிடம் பெறவில்லை. அதனை அவர் மீது குற்றமாகச் சுமத்துவதற்கில்லை. தமிழ்நாட்டில் வாக்குக் கேட்கும் சிறுகட்சித் தலைவர் பிறமாநில வாக்காளர்க்காகத் தம் வலிமையைச் செலவிட்டதற்கு எடுத்துக்காட்டுகள் குறைவு. எனினும் அவர் கையாண்ட கருவி அவர் எண்ணியதினும் நெடுந்தொலைவு செல்லக்கூடியது. மாநில வருவாய்ச் சான்றுகள் கணிப்பொறியில் ஏறிவிட்ட இக்காலத்தில், ஒரே ஏட்டின் தலைப்புகளை இரண்டு மொழியில் காட்டுவது அன்று தந்திப் பொறிக்குத் தமிழ் கற்பித்ததினும் எளிது. செய்யவேண்டியது, பெரும்பாலும், ஒரு சொற்பட்டியல். எல்லை வட்டங்களின் வருவாய், பதிவுத் துறைச் சொற்களுக்கு மலையாளம்–தமிழ் நிகர்ச்சொற்களை, போலிநிகர்களைத் தனியே குறித்து, தொகுத்தல் வேண்டும். பழைய ஆவணம் எழுதுவோர் இருக்கும்போதே இதனைச் செய்தல் நன்று, அவர்கள் குறைந்துவருகின்றனர்.

அப்பட்டியலின் முதற்சொல்லாகத் தண்டப்பேர் என்பதை முன்மொழிகிறேன். வரி தண்டுதற்குரியவரின் பெயர்ப்பதிவு என்பது பொருள். தண்டுதல், தண்டல்காரர் என வழங்கும் தமிழர்க்கு இச்சொல்லை விளக்க வேண்டுவதில்லை. ஆயினும் தமிழ்நாட்டு வருவாய்த்துறை இதனை வழங்குவதில்லை, பட்டா எண் என்கிறது. கேரள அரசோ 2022இல் நிலவுடைமையாளர் ஒவ்வொருவர்க்கும் மாநிலம் முழுமைக்கும் ஒரே தண்டப்பேர் எண் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. களியக்காவிளைக்கு மேற்கே நிலம் வைத்திருப்பவர் தம் அடையாள எண்ணைத் தேடும் கணிப்பொறித் திரையில் அச்சொல் மலையாள எழுத்தில் நிற்கிறது.